அதே பழுப்பு

முழுக்க வடிந்த பிறகுதான் வீரபாகுவுக்குத் தெரிந்தது, அது இன்ஜின் ஆயில் இல்லை, கியர் ஆயில் என்று.

காருக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார். பக்கத்தில் பேசின் நிறையப் பழுப்பு எண்ணெய். கழற்ற வேண்டிய போல்ட் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்ததைக் கழற்றியிருந்தார்.

கார் அவருடையது இல்லை. மனைவி துர்காதேவியின் தம்பி சிவபாலன் ஓட்டி வந்தது. கிளட்ச் இல்லாத சின்னக் கார். காசிக்குப் போகிறவன், பிள்ளையார்பாளையத்தில் அக்கா வீட்டு வாசலில் அதை நிறுத்திவிட்டு, எதையும் தொட வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னான். போவதற்கு முன் கியர் ஆயில் குச்சியை உருவி, வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தான். தினமும் பார்ப்பானாம். என்ன அக்கறை என்று வீரபாகு வியந்தார்.

அடுத்த வாரம் அவர் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணையில் உட்கார முடியாது. தாய்மாமனோ, கிரகப்பிரவேசத்தில் இரண்டாவது பந்தியில் உட்கார வைத்ததற்காக இரண்டு வருடம் பேசாதவன். அவன் மனம் குளிரட்டும் என்றுதான் வீரபாகு இன்ஜின் ஆயிலை மாற்ற நினைத்தார்.

வடித்ததையே திரும்ப ஊற்றிவிடலாம் என்று உள்ளே போய்ப் புனல் எடுத்து வந்தார். பேசின் காலியாக இருந்தது.

"பின்சுவத்துல கரையான் ஏறிக்கினு இருந்தது, ஊத்திட்டேன்" என்றாள் துர்காதேவி. "ஏன், உங்களுக்கு வேணுமா?"

அடியில் இரண்டு ஸ்பூன் மிஞ்சியிருந்தது. வீரபாகு முப்பது வருடமாகப் பட்டு நெய்கிறவர். வெள்ளைப் பட்டு இழை ஒன்றை அதில் தோய்த்து, தாளில் ஒட்டி, மாதிரி எடுத்துக்கொண்டு உதிரி பாகக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் தினேஷ் எந்தக் கார் என்று கேட்டார். பட்டியலைப் பார்த்தார். நாலு டப்பாக்களை எடுத்து வைத்தார். வீரபாகு ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே நல்ல அரக்குச் சிவப்பு.

"இந்த நெறத்துல வேணும்பா" என்று இழையை நீட்டினார்.

"எல்லாமே சிவப்புதான் சார். கருகினா அப்படி ஆயிடும்."

"கருகினது இருக்குதா?"

தினேஷ் அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.

வேறு வழியில்லாமல் சிவப்பையே வாங்கி வந்து ஊற்றினார் வீரபாகு. ஓட்டிப் பார்த்தார். சிவபாலன் கொண்டு வந்தபோது இருமிக்கொண்டு வந்த கார், இப்போது வழுக்கிக்கொண்டு போயிற்று. இறங்கிக் குச்சியை உருவினார். முகூர்த்தப் புடவை நிறம். உடலுக்கும் முந்திக்கும் ஒரு சாயல் மாறினாலே புடவையைத் திருப்பி அனுப்புகிற ஊர் அது. இதைச் சிவபாலன் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவான்.

நன்றாக ஓடிய ஆயிலை மறுநாள் வடித்து, குடத்தில் ஊற்றி, சாயக்காரர் கதிர்வேலிடம் எடுத்துப் போனார்.

இழையை மூன்று தடவை முக்கி எடுப்பதற்குள் எந்த நிறத்தையும் கொண்டுவந்துவிடுவதாகப் பெயர் எடுத்தவர் கதிர்வேல். சாயத்தை வெந்நீரில் கரைத்து ஊற்றினார். நீர் அடியில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டது. அதை இறுத்துவிட்டு நல்லெண்ணெய் சேர்த்தார். நிறம் ஊறுகாய்ப் பக்கம் போயிற்று. கதிர்வேலுக்கு ரோஷம் வந்தது. ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்க் கருகிய ஆயில் ஒரு சொம்பு வாங்கி வந்து, சொட்டுச் சொட்டாக விட்டார். டியூப்லைட்டை நம்பக் கூடாது என்று இருவரும் கிண்ணத்தை வெயிலுக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் இழையை வைத்துப் பார்த்தார்கள்.

"சேந்துடுச்சு" என்றார் கதிர்வேல். இழையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஊற்றினார்கள். கார் ஊர்க்கோடியில் இருக்கும் ஓரிக்கை வரை போய் நின்றது. முன்னால் போகச் சொன்னால் உறுமியது. பின்னால் போகச் சொன்னால் உடனே கிளம்பியது. வீரபாகு கழுத்தைத் திருப்பிக்கொண்டு பிள்ளையார்பாளையம் வரை பின்னாலேயே ஓட்டி வந்தார். டவுன் பஸ் ஒதுங்கி வழி விட்டது. அதே திசையில் வந்தவர்கள் காரின் முகத்தைப் பார்த்தபடியே வந்தார்கள். பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், எந்தக் கோயில் வேண்டுதல் என்று கேட்டாள்.

மறுபடி வடிக்கலாம் என்று பாயை விரிப்பதற்குள் தெருவில் ஆட்டோ வந்து நின்றது. சிவபாலனும் அவன் மனைவி வடிவாம்பாளும் இறங்கினார்கள். ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

சிவபாலன் யாரையும் விசாரிக்கவில்லை. நேரே காரிடம் போனான். குச்சியை உருவினான். கைக்குட்டையில் துடைத்தான். வெளிச்சத்தில் பிடித்தான்.

சிவபாலனின் முகம் தெளிந்தது. கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

கார் உறுமியது. நகரவில்லை. மறுபடி முயன்றான். உறுமல்தான். மெல்ல இறங்கி வந்து வீரபாகுவைப் பார்த்தான்.

வீரபாகு ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். போல்ட், கரையான், இழை, நல்லெண்ணெய், ஓரிக்கை. சொல்லி முடித்துக் கைகூப்பினார்.

"என்னை என்ன வேணா கேளு மச்சான். மாலை எடுத்துக் குடுக்க மட்டும் வராம இருந்துடாதே."

சிவபாலன் மடித்து வைத்த கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான். முகம் வெளுத்து வியர்த்துக்கொண்டிருந்தது. இரண்டு வருடக் கோபத்தைப் பார்த்தவள் துர்காதேவி. இது அதைவிடப் பெரியது என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

வடிவாம்பாள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"அழாதீங்க அண்ணி" என்றாள். பிறகு வீரபாகுவிடம் திரும்பினாள். "நீங்க வடிச்சீங்களே அந்தப் பழுப்பு, அதுவும் இவரு இதே மாதிரி தெரியாம வடிச்சுட்டு, நெறம் பாத்துக் கலந்ததுதான் அண்ணா. வண்டி இவரோட மேனேஜருது."