விரைவாக வேரூன்றுபவர்

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்தவர்களை உலகம் போற்றுகிறது. இடமாறுதல் உத்தரவைக் கண்டுபிடித்த மகானுக்கு மட்டும் இன்னும் ஒரு சிலைகூட இல்லை. அவர் இல்லாவிட்டால் என் கணவருக்குள் ஒரு மேதை இருப்பது எனக்கே தெரியாமல் போயிருக்கும்.

என் கணவர் புது ஊரில் வீடு அமைப்பதில் வல்லவர். இதை நான் சொல்லவில்லை. அவருடைய அலுவலகம் சொல்கிறது. மற்ற அதிகாரிகள் மாற்றலாகிப் போனால் வீடு கிடைக்கவில்லை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று விடுப்புக்கு மேல் விடுப்பு கேட்பார்களாம். இவர் வெள்ளிக்கிழமை போய் இறங்கினால் திங்கட்கிழமை மடிப்புக் கலையாத சட்டையோடு நாற்காலியில் இருப்பார். இதற்கு அலுவலகத்தில் 'வேரூன்றும் திறன்' என்று பெயர். என் மாமியார் இன்னும் எளிமையாகச் சொல்வார்: அவர் பிள்ளை கால் வைத்த இடமெல்லாம் வீடாகிவிடுமாம்.

அவர் கால் வைப்பதை ஐந்து ஊர்களில் அருகிலிருந்து பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது. காலி வீட்டின் கூடத்தில் நடுவாக நின்று, இடுப்பில் கை வைத்து, நாலு சுவரையும் நிதானமாகப் பார்ப்பார். "நல்ல காத்தோட்டம்" என்பார். அத்துடன் வீடு அமைந்துவிடும். பிறகு அலுவலகம் போய்விடுவார்.

மிச்சமிருப்பதெல்லாம் சில்லறை வேலைகள். கேஸ் இணைப்பை மாற்றுவது, வருகிறேன் என்று சொன்ன நாளில் வருகிற குழாய்க்காரரைத் தேடுவது, எந்தச் சுவரில் ஓதம் ஏறும் என்று கண்டுபிடித்து அலமாரியைத் தள்ளிப் போடுவது, சாவியைக் கொடுத்துவிட்டுப் போகக்கூடிய பக்கத்து வீடு எது, அவசரத்துக்குச் சர்க்கரை மட்டும் கேட்கக்கூடிய வீடு எது என்று முகம் பார்த்துப் பழகுவது. ஒரு மேதையின் நேரத்தை இதிலெல்லாம் வீணாக்க முடியாது. என்னிடம் நேரம் இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவளுக்கு நேரத்துக்கு என்ன குறை?

நான் பல் செட் செய்பவள். ஐந்தாவதான இந்த ஊரிலும் ஒரு பல் லேபில் சேர்ந்தேன். மருத்துவர்கள் அனுப்பும் அளவு அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செதுக்கி, ஒவ்வொரு பல்லாக நிறுத்த வேண்டும். முகம் தெரியாத யாரோ ஒருவர் இதை வைத்துச் சிரிக்கப் போகிறார் என்ற நினைப்பிலேயே பொழுது போய்விடும். ஒரு நாள் காலையில் கண்ணைத் திறக்காமலே என் கை சுவரில் இருந்த சுவிட்சைத் தொட்டது. மற்ற ஊர்களில் என் கை எப்போதும் அதற்கு முந்தைய ஊரின் சுவரையே தடவிக்கொண்டிருக்கும். நான் வந்து சேர்ந்துவிட்டேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அலுவலகக் கணக்குப்படி இரண்டு வருடம் தாமதம்.

லேப் நடத்தும் அம்மாள், அடுத்த மாதத்திலிருந்து மெழுகுப் பிரிவை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். "பாதியில விட்டுட்டுப் போயிட மாட்டியேம்மா?"

"போக மாட்டேங்க" என்றேன். யாரையும் கேட்காமல் நான் கொடுத்த முதல் வாக்கு அது.

அந்த வாரமே அலுவலகத்தில் 'புது ஊர், நம் ஊர்' என்று ஒரு கருத்தரங்கு. மாற்றலாகி வந்தவர்களுக்கு என் கணவர் வழிகாட்ட வேண்டும்; குடும்பத்தாருக்கு முன்வரிசை. வீடு என்பது செங்கல்லில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்று அவர் நெடுநேரம் விளக்கினார். பலர் குறிப்பெடுத்தார்கள். கடைசியில், புதிதாக வந்த கணக்கர் ஒருவர் எழுந்தார்.

"சார், இங்க குடிதண்ணி எப்ப சார் வருது?"

என் கணவர் யோசித்தார். "தண்ணியைப் பொறுத்தவரைக்கும் நாம பொறுமையா இருக்கணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில" என்றேன்.

குடும்பத்தையும் கலந்து பேசும் பண்பைப் பாருங்கள் என்று மேலாளர் கை தட்டினார். அரங்கமே தட்டியது. இப்படிப்பட்டவரை ஒரே ஊரில் வைத்திருப்பது நிறுவனத்துக்குச் செய்யும் துரோகம் என்றும் அவர் சொன்னார். ஆகவே பதவி உயர்வு. ஆகவே ஆறாவது ஊர். மறுபடியும் கைதட்டல். நானும் தட்டினேன், பழக்க தோஷம். வீட்டை நான் சீக்கிரம் அமைக்க அமைக்க, அதைச் சீக்கிரம் கலைக்கிறார்கள் என்பது பாதித் தட்டலில்தான் பிடிபட்டது. என் கைகள் எனக்கு எதிராகத் தட்டிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "அட்டைப்பெட்டியெல்லாம் பரண்மேலதானே இருக்கு?"

"இருக்குங்க. உங்களுக்கு எத்தனை வேணும்?"

"எனக்கா? நமக்குன்னு சொல்லு."

"நமக்கு இல்லைங்க. லேப்ல இருக்கேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

"அங்க ஒரு லேப் கிடைக்காதா உனக்கு?"

"கிடைக்கும். நாலு ஊர்லயும் கிடைச்சுது. நாலையும் விட்டுட்டுத்தான் வந்தேன். நீங்க முன்னாடி போங்க. வேர் பிடிச்சதும் சொல்லுங்க, வந்து பார்க்கறேன்."

"நீ இல்லாம நான் எப்படி..." என்று தொடங்கியவர், சாயங்காலம் தான் பேசியது நினைவுக்கு வந்ததுபோல நிறுத்திக்கொண்டார். நியாயமான மனிதர். அந்த முகத்தைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் பெட்டிகளை அவரே இறக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் போய் மூன்று மாதம் ஆகிறது. வாடகைக்குப் பிடித்த வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு, முதலில் தங்கிய லாட்ஜுக்கே திரும்பிவிட்டார். அந்த வீடு ஏனோ 'அமையவில்லை'யாம். கண் பட்டுவிட்டது என்கிறார் மாமியார். அலுவலகம் அப்படியெல்லாம் மூடநம்பிக்கையில் இறங்கவில்லை, குழு அமைத்தது. காரணம் அந்த ஊரின் மண்ணா, தட்பவெப்பமா, அவருடைய உடல்நிலையா என்று ஆராய்கிறார்களாம்.

நேற்று குழுத் தலைவரே லேபுக்குப் போன் செய்தார். மெழுகுக் கையோடு எடுத்தேன். மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. சார் முன்னாடியெல்லாம் வீட்ல எப்படி இருப்பாரு?"

"தங்கமான மனுஷர் சார்" என்றேன். "சாப்பாட்டுல ஒரு குறை சொன்னதில்லை. எதையும் இழுத்துப் போட்டுக் கலைச்சதில்லை. அஞ்சு ஊர்லயும் என் வீட்டுக்கு அவரை மாதிரி ஒரு விருந்தாளி வந்ததே இல்லை."