ரகசியக் குளம் 2

'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற இனம் ஒன்று உண்டு. அதில் ஒருவரை நான் முதலில் சந்தித்தது சாத்தாங்காட்டு இரும்புக் கடையில். அங்கே எனக்குக் கணக்கு வேலை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். இதைக் கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவது வழக்கம். தகடு வாங்க வந்த வண்ணாரப்பேட்டை பாத்திரக்கடை ஜெபசிங் அண்ணாச்சி என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, இந்தக் குடோனுக்குப் பின்னால ஒரு குளம் கெடக்கு. நாரை வருது. ஒரு பயலுக்கும் தெரியாது. ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்லுதேன்."

கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

எங்கள் ஊரில் குளம் என்பது எருமை படுக்கிற இடம். அதைப் பார்த்து யாரும் பெருமூச்சு விட்டதில்லை. இந்த இனமோ, கரையை மிதித்ததும் செருப்பைக் கழற்றும், கண்ணை மூடும், மூச்சை இழுக்கும், பக்கத்து ஆலைப் புகை காற்றில் வந்தால் இருமும், 'என்ன அமைதி' என்று அக்கரைக்குக் கேட்கச் சொல்லும், அந்த அமைதியை வீடியோ எடுத்துப் பாட்டும் சேர்த்து, 'யாருக்கும் அனுப்ப வேண்டாம்' என்ற குறிப்போடு எல்லாருக்கும் அனுப்பும். லொகேஷனோடு.

கரையில் பூவரசு நிழலில் சின்னப்பையன் தூங்கிக்கொண்டிருப்பார். பேர்தான் அப்படி, பேரன் எடுத்தவர். இரவெல்லாம் லாரியில் கம்பி ஏற்றுகிறவர். பகலில் வீட்டில் படுத்தால் வாசலில் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன். அவருக்குத் தூக்கம் வருகிற ஒரே இடம் இந்தக் கரை.

முதல் ஞாயிறு அண்ணாச்சியோடு ஒரு கார் வந்தது. அடுத்த ஞாயிறு வேன். 'ரகசியக் குளம்' வாட்ஸாப் குழு நிரம்பி வழிய, 'ரகசியக் குளம் 2' தொடங்கினார்கள். மாதம் முடிவதற்குள் எல்லாக் கிழமையும் ஞாயிறானது. சத்தம் போடக்கூடாது என்று அறிவிக்க மைக் வந்தது.

சின்னப்பையன் எழுந்து உட்கார்ந்தார். "இன்னா நைனா, எலக்சனா?"

"உஷ்" என்றார் அண்ணாச்சி, மைக்கில். "அமைதியக் கெடுக்காதீய."

"நா தூங்கிகினு இருந்தேன்பா. தூக்கம் இல்லாம நேத்து ராவுல ஒரு கட்டு கம்பி கைநழுவி காலாண்ட வுயுந்துச்சு. அடுத்தது கால்மேலதான்."

"அதுக்குத்தான் சொல்லுதேன், மனசுக்கு அமைதி வேணும்னு."

நாரைகள் அன்றோடு போய்விட்டன. அண்ணாச்சி கவலைப்படவில்லை. கைப்பேசியில் நாரைச் சத்தம் போட்டார். எல்லாரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். சின்னப்பையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அண்ணாச்சி இன்றும் அந்தக் கரையில்தான் இருக்கிறார், வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்ற குறையோடு. சின்னப்பையன் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, கடைசிப் பெட்டி மூலை இருக்கையில் விமான நிலையம் வரை தூங்குகிறார், திரும்பும்போதும் தூங்குகிறார். குளிர்ந்த காற்று, ஹாரன் கிடையாது. "ஒர்த்தங்கிட்டயும் சொல்லிடாத நைனா" என்று என்னைக் கேட்டுக்கொண்டார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும்தான். நீங்கள் அந்த இனம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இதை யாருக்கு அனுப்பலாம் என்று ஒரு பெயர் இதற்குள் நினைவுக்கு வந்திருக்குமே?