நாற்பத்தேழு நாய்களின் உரிமையாளர்

சங்குமுனை பேரூராட்சியில் தெருநாய்களே கிடையாது. போன வருஷம் மார்ச் மாதமே அவை தீர்ந்துபோயின. இருந்த நாற்பத்தேழு நாய்களும் 'உரிய முறையில் அப்புறப்படுத்தப்பட்டன' என்று கோப்பு சொல்கிறது. இந்தத் தகவல் நாய்களுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. அவை வழக்கம்போல மீன் இறங்கும் துறையிலும், பேருந்து நிறுத்தத்திலும், பேரூராட்சி அலுவலக வாசலிலும் படுத்திருந்தன.

அவற்றில் பாதிக்குச் சோறு வைத்தவள் ஜுவைரியா. தனியார் பள்ளியில் டீச்சர். பள்ளி விட்டதும் துறையில் மீன் தலைகளை வாங்கிவந்து, அரிசியோடு வேகவைத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள். நாலு வருஷமாக ஒரு நாளும் தவறியதில்லை. "நாயத் தொட்ட கைய ஏழு தடவ கழுவாம உள்ள கால வச்சிராத" என்று உம்மா சாலிஹா வாசலிலேயே தண்ணீரோடு நிற்பாள். ஊர் அவளுக்கு 'நாய் டீச்சர்' என்று பெயர் வைத்தது. அதில் மரியாதை ஏதும் இல்லை.

இப்படி இருக்கையில் அவளோடு கல்லூரியில் படித்த சிநேகா வெளிநாட்டுக்குப் போய், ஒரு தெருநாய்க் காப்பகத்தில் பதினஞ்சு நாள் தொண்டு செய்துவிட்டு வந்தாள். நாயைக் குளிப்பாட்டும் போட்டோவைப் போனில் போட்டாள். அவளுடைய ஊரான கமுதியில் அதற்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள்: 'கடல் கடந்து கருணை பொழிந்த எங்கள் சிங்கமே, வருக!'

ஜுவைரியா அதைப் போனில் மூன்று முறை வாசித்தாள். அன்றைக்கே ருமேனியாவில் ஒரு காப்பகத்துக்கு விண்ணப்பம் போட்டாள்.

வாப்பா முஹைதீன் இருபத்திரண்டு வருஷம் சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தவர். விசா விஷயத்தில் அனுபவசாலி.

"சம்பளம்?"

"கிடையாது வாப்பா. சேவை."

"சாப்பாடு?"

"நாமளே ஆக்கிக்கிறணும்."

"சம்பளம் தாரேன்னு சொல்லிட்டு ஏமாத்துன அரபியப் பாத்திருக்கேன். தரமாட்டேன்னு முதல்லயே சொல்றவன இப்பத்தான் கேள்விப்படுறேன். நல்ல ஆளுகதான் போல, போயிட்டு வா."

காப்பகம் ஒரே ஒரு கடிதம் கேட்டது. தெருநாய்களோடு பழகிய அனுபவம் அவளுக்கு உண்டு என்று உள்ளூர் நிர்வாகம் எழுதித் தரவேண்டும். பேரூராட்சி அலுவலக வாசலில் படுத்திருந்த நாயைத் தாண்டி, செயல் அலுவலர் பால்சாமியின் அறைக்குப் போனாள்.

"ஏம்மா, நம்ம ஊர்லதான் தெருநாயே இல்லையே. இல்லாத நாய்க்கு நீ எப்படிச் சோறு வச்ச?"

"சார், வாசல்லயே ஒண்ணு படுத்திருக்கு."

பால்சாமி எட்டிப் பார்த்தார். "அது வெளியூரு. ஏதாச்சும் சோலியா வந்திருக்கும்."

"துறையில இருபது கிடக்கே சார்?"

"கிடந்தா அதுகளுக்கு உரிமையாளர் இருப்பாரு."

"தெருநாய்க்கு ஏது சார் உரிமையாளர்?"

"உரிமையாளர் இல்லன்னாத்தானம்மா தெருநாய். தெருநாய் இங்கன இல்ல. அப்ப உரிமையாளர் இருந்தாகணும்ல?" அவர் பேனாவைத் திறந்தார். "சோறு யாரு போடுறா?"

"நான்தான்."

"அப்புறமென்ன? நீதான்."

அவர் பொய் சொல்கிற மனிதரில்லை. கோப்புக்கு விரோதமில்லாமல் உண்மை பேசுகிறவர். பத்தே நிமிஷத்தில் சான்று தயாரானது: 'மேற்படி ஜுவைரியா என்பவர் இப்பேரூராட்சி எல்லைக்குட்பட்ட நாற்பத்தேழு நாய்களின் முழு உரிமையாளர் ஆவார் எனச் சான்றளிக்கப்படுகிறது.' முத்திரை இரண்டு இடத்தில் விழுந்தது.

நாய் என்ற சொல்லும் முத்திரையும் ஒரே தாளில் இருந்ததே அவளுக்குப் போதுமாயிருந்தது. மொழிபெயர்த்து அனுப்பிவிட்டாள்.

மறுவாரம் ஒரு நோட்டீஸ் வந்தது. மீன் ஏலம் விடும் இமானுவேலின் கெண்டைக்காலை 'தங்களுக்குச் சொந்தமான நாய்' கடித்துவிட்டதாம்; விளக்கம் தரவேண்டுமாம். அதற்கடுத்த நாள், பள்ளிவாசல் தெருவில் ராத்திரி குரைக்கும் 'தங்களது நாய்களை' அடக்கி வைக்கும்படி இன்னொன்று. பேருந்து நிறுத்தத்தில் ஒரு நாய் குட்டி போட்டதும், மூன்றாவது நோட்டீஸ். ஐந்து உருப்படி கூடியதை ஏன் தெரிவிக்கவில்லை?

"நீ ருமேனியா போறதுக்குள்ள நம்மள ஊர விட்டே அனுப்பிருவானுக" என்றாள் உம்மா.

ருமேனியாவிலிருந்து பதிலும் வந்தது. நாற்பத்தேழு நாய்களைத் தனியாளாகப் பராமரிக்கும் பெருமைக்குரிய அம்மையாருக்கு வணக்கம். எங்களிடம் இருப்பது பன்னிரண்டே நாய்கள். உங்களிடம் தொண்டு செய்ய எங்கள் ஆள் ஒருவரை அனுப்பலாமா?

வந்தவள் பெயர் ரலூகா. வேன் அமர்த்தி, மாலையோடு அழைத்துவந்தவர் பால்சாமி. ஊர் ஒரே நாளில் திருந்தியது. கல்லெறிந்தவர்கள் பிஸ்கட் எறிந்தார்கள். இமானுவேல் தன்னைக் கடித்த நாயைத் தேடிப்பிடித்து, அதன் கழுத்தில் கைபோட்டு ரலூகாவோடு போட்டோ எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாளே அலுவலகத்தில் விழா நடந்தது. 'சங்குமுனையின் தெருநாய்களுக்கு ஆற்றிய தன்னலமற்ற சேவைக்காக' ரலூகாவுக்குச் சான்றிதழ்.

ஜுவைரியா மேடைக்கே போய்விட்டாள். "சார், தெருநாயே இல்லன்னீங்க?"

"அவங்க அம்புட்டுத் தூரத்துலருந்து வந்து பாத்திருக்காங்க. இல்லன்னு சொன்னா மரியாதையா இருக்குமாம்மா?"

அன்று மாலை துறையில் இருவரும் வாளியோடு உட்கார்ந்திருந்தபோது ரலூகா ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இத்தனை நாய்களை விட்டுவிட்டு நீ ஏன் எங்கள் ஊருக்கு வர ஆசைப்பட்டாய்?"

ஜுவைரியா யோசித்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "அங்கே செய்தால்தான் இங்கே அது சேவை. இங்கேயே செய்தால் பைத்தியம்."

ரலூகா வாளியைக் கீழே வைத்தாள். "எங்கள் தெருவிலும் என்னை அப்படித்தான் சொல்கிறார்கள். பின்னே, நான் எதற்கு இங்கே வந்தேன் என்று நினைத்தாய்?"

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். பிறகு ரலூகா தன் காப்பகத்தின் தாளில் ஜுவைரியாவுக்கு அனுபவக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். விசா கிடைத்தது. விடுப்பு முடிந்த ரலூகாவும் அவளும் ஒரே விமானத்தில் போனார்கள்.

போகும்முன் ஜுவைரியா வீடுவீடாக ஏறி, ஆளுக்கொரு நாள் சோறு வைக்கும்படி கேட்டிருந்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். போய்ப் பத்தாம் நாள், பன்னிரண்டு நாய்களில் தன் பங்குக்கு வந்த ஒன்றைத் துவட்டிவிட்டு வாப்பாவைப் போனில் கூப்பிட்டாள். வீடியோவில் அவர் முகம் தெரிந்தது.

"நாய்களுக்கு யாராச்சும் வைக்கிறாகளா வாப்பா?"

"எந்த நாய்க்கு? உரிமையாளர் வெளிநாடு போயிட்டபடியால நாற்பத்தேழும், குட்டி அஞ்சும் கூடவே போயிட்டதாக் கருதப்படுதுன்னு பால்சாமி எழுதி மேல அனுப்பிட்டாரு. இல்லாத நாய்க்கு நான் மட்டும் ரெண்டு நாளா வச்சேன். இப்ப என்னைய நாய் பாய்ங்கிறானுக."

"மத்தவக?"

வாப்பா போனை மெல்லத் திருப்பினார். டீக்கடை தெரிந்தது. இமானுவேல் கூட்டத்துக்கு நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊருப் பொண்ணுய்யா! எங்கயோ கிடக்கிற நாய்க்கு இரங்குற மனசு யாருக்கு வரும்?"

சொல்லிக்கொண்டே குனிந்தார். பெஞ்சுக்கு அடியில் எலும்பும் தோலுமாக ஒன்று வந்து நின்றிருந்தது. கல் கையில் நன்றாகப் பொருந்துகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு எறிந்தார்.