எழுபத்திரண்டாம் நம்பர் பதில் சொல்லவில்லை

ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்றால், உலகத்தில் இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்டு முடித்த பிறகுதான் எனக்கு என்மேல் சந்தேகம் வரும். இப்போது கொஞ்சம் திருந்திவிட்டேன். (வீட்டில் கேட்டால் இல்லை என்பார்கள்.) என்னைத் திருத்தியது அரிசி அளவுகூட இல்லாத ஒரு சிப்.

லாஸ்பேட்டையில் படிப்பை முடித்துவிட்டு, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஆறு பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஐஸ் ஃபேக்டரி, குளிர்பதனக் கிடங்கு மாதிரியான இடங்களுக்குக் குளிரை அளந்து காட்டும் டப்பா செய்வோம். முதலாளி ஆரோக்கியம் சார். என் ஆறு மாதத் தற்காலிக வேலை முடிகிற நேரம். "வியாழக்கிழமை ஐஸ் ஃபேக்டரிக்காரர் வராரு. நீ டிசைன் பண்ண டப்பா அவர் எதிர்ல வேல செஞ்சா நீ பெர்மனென்ட். இல்லன்னா பாக்கலாம்" என்றார். அந்த 'பாக்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை. மில் மூடிய பிறகு அப்பா செக்யூரிட்டி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் பெர்மனென்ட் ஆனதும் அவரை நிறுத்திவிடப் போவதாக நெல்லித்தோப்பில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

டப்பாவுக்குள் இரண்டு பேர்தான் முக்கியம். புரோகிராம் ஓடுகிற மைக்ரோகன்ட்ரோலர் வாத்தியார் மாதிரி. குளிரை அளக்கும் சிப் மாணவன், நம்பர் எழுபத்திரண்டு. வாத்தியார் "எழுபத்திரண்டு" என்று கூப்பிட வேண்டும். மாணவன் "உள்ளேன் ஐயா" சொல்லிவிட்டு எத்தனை டிகிரி என்று ஒப்பிக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு மாதமாக ஒழுங்காக ஒப்பித்துக்கொண்டிருந்த எழுபத்திரண்டு, ஆயுத பூஜை லீவு முடிந்து திங்கட்கிழமை காலையில் பார்த்தால் வாயே திறக்கவில்லை.

விசித்திரம் என்னவென்றால், சார் வந்து ஏசி போட்ட ஒரு மணி நேரத்தில் அதுவே பேச ஆரம்பித்தது. மறுநாள் காலையில் மறுபடி மௌன விரதம், பதினொரு மணிக்கு மறுபடி "உள்ளேன் ஐயா". பயம் ஒரு பக்கம் இருந்தாலும் எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஒரு சிப் எப்படி நேரம் பார்த்துப் பேசும்?

ஒயரை மாற்றினேன். புரோகிராமை இரண்டு தடவை புதிதாக எழுதினேன். காலையில் மட்டும் பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் ஓடுவதைக் 'கண்டுபிடித்து' அங்கே போய் நின்றேன்.

"அண்ணே, ஒரு பத்து நிமிஷம் வெல்டிங்க நிறுத்துறீங்களா? எங்க சிப் பேச மாட்டேங்குது."

அவர் முகமூடியைத் தூக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒடம்பு கிடம்பு சரியில்லியாம்மா?" என்றார். ஆனாலும் நிறுத்தினார், பாவம். சிப் பேசவில்லை.

மிச்சம் இருந்தது கலா அக்கா. பதினைந்து வருடமாக அங்கே சால்டரிங் வைப்பவர், அதாவது ஈயத்தை உருக்கிச் சிப்பின் கால்களைப் பலகையில் ஒட்டுபவர். புதன்கிழமை எல்லோர் முன்னாலும், "சால்டரிங் சரியில்ல சார், அதான் பிரச்சன" என்று சொல்லிவிட்டேன். அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

"லென்ஸ வச்சிப் பாரு ரேவதி. ஒரு காலு ஒட்டாம இருந்துச்சின்னா நாளைலேர்ந்து நான் வேலைக்கு வரல."

நான் பார்க்கவில்லை. (பட்டம் வாங்கிய திமிர், வேறென்ன.)

வியாழக்கிழமை ஐஸ் ஃபேக்டரிக்காரர் ஒரு தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸோடு வந்து இறங்கினார். "இதுல வச்சிக் காட்டும்மா." வைத்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தும் திரையில் வெறும் கோடுகள். சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஒன்று தோன்றியது: இத்தனை நாளாக எழுபத்திரண்டை மட்டும்தானே கூப்பிடுகிறோம்? மொத்த வகுப்பையும் கூப்பிட்டால்? அவசர அவசரமாகப் புரோகிராமை மாற்றி, ஒன்றிலிருந்து நூற்று இருபத்தேழு வரை ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட வைத்தேன்.

எழுபத்து மூன்று பதில் சொன்னது.

"எழுபத்தி மூணா? அது யாரு?" என்று நானே சத்தமாகக் கேட்டுவிட்டேன். எங்கள் டப்பாவில் அப்படி ஒருவர் கிடையவே கிடையாது. வேலை, வாடிக்கையாளர் எல்லாம் மறந்துபோய், டப்பாவைத் திறந்து கடைசியில் லென்ஸைக் கையில் எடுத்தேன்.

கலா அக்காவின் சால்டரிங் ஒவ்வொரு காலிலும் கச்சிதமாக இருந்தது. கால்களுக்கு நடுவே ஈரமாகச் சிவப்பு. குங்குமம்!

பூஜையன்று எல்லோரும் பொரி கடலை பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது, டப்பாவைத் திறந்து, தீக்குச்சி நுனியால் ஒவ்வொரு சிப்புக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தவள் நான்தான். பெர்மனென்ட் ஆக வேண்டுமே! பூஜைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை, தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவோம். டிரில்லிங் மிஷின், கால்குலேட்டர், ஏசி ரிமோட் என்று எல்லாவற்றிலும் பொட்டு இருந்ததால் இதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தச் சிப்பின் நம்பரை முடிவு செய்வது ஒரே ஒரு கால். குங்குமம் ஈரமானால் பக்கத்துக் காலிலிருந்து மின்சாரம் அதற்குள் கசியும், நம்பர் ஒன்று கூடிவிடும். காலை ஈரக்காற்றில் எழுபத்து மூன்று, ஏசியில் காய்ந்தால் எழுபத்திரண்டு. ஐஸ் பக்கத்தில் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

சார் திரும்பி, "கலா, வருஷா வருஷம் பொட்டு வக்கிறது நீதான?" என்றார்.

இரண்டு நொடி நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் செக்யூரிட்டி சட்டை கண்முன் வந்தது. அந்த இரண்டு நொடிக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"நான்தான் சார் வச்சேன். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

ஐஸ் ஃபேக்டரிக்காரர் சிரித்த சிரிப்பில் வெல்டிங்காரர் எட்டிப் பார்த்தார். பிரஷ்ஷால் கழுவித் துடைத்ததும் எழுபத்திரண்டு நல்ல பிள்ளையாக ஒப்பித்தது. "பத்து டப்பா போடுங்க. பொட்ட மட்டும் நான் வச்சிக்கிறேன்" என்றார் அவர். ஆனால் என்னை பெர்மனென்ட் ஆக்க சார் இன்னும் மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். அப்பா அந்த மூன்று மாதமும் கேட்டில் நின்றார். கலா அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார், என்னைக் கிண்டல் செய்வதற்காக.

கல்யாணமாகி எனக்குப் பெண் பிறந்தபோது, பேர் வைக்கும் விழாவுக்கு அக்காவும் வந்திருந்தார். குழந்தை கன்னத்தில் நான் பெரிதாக ஒரு மைப்பொட்டு வைத்தேன். கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி அக்கா சொன்னார்: "இரு ரேவதி, மொதல்ல பேர சொல்லிக் கூப்ட்டுப் பாரு. வேற பேருக்குத் திரும்பப் போவுது."

அவளுக்கு இப்போது ஆறு வயது. கூப்பிட்டதும் அவள் திரும்பாவிட்டால், வீட்டில் யாரும் அவளைத் திட்டுவதில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.