ஓட்டிப் பார்ப்பவர்

இந்த இனத்தில் ஆயிரம் பேரையாவது எனக்குத் தெரியும். சரி, ஆயிரம் கொஞ்சம் தாராளம்; ஒருவரைத்தான் தெரியும், ஆனால் அவர் ஒருவரே ஆயிரம் பேருக்குச் சமம். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'ஓட்டிப் பார்ப்பவர்'. வண்டியை அல்ல, வீடியோவை.

இணையத்திலிருந்து இறக்கிய வீடியோ ஓட மறுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இரண்டு திட்டு திட்டிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பீர்கள். ஓட்டிப் பார்ப்பவர் அப்போதுதான் சட்டைக் கையை மடித்துவிடுவார். வீடியோ என்பது இறுக்கிக் கட்டிய மூட்டை, அதைப் பிரிக்கத் தெரிந்த குட்டி மென்பொருளுக்குக் கோடெக் என்று பெயர், சரியான கோடெக் கிடைத்துவிட்டால் உலகத்தில் ஓடாத படமே கிடையாது என்று, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும், காய்கறி நறுக்கிக்கொண்டிருப்பவருக்கும், கதவைத் தட்டிய கூரியர்காரருக்கும் விளக்குவார். பிறகு தேடுவார், இறக்குவார், நிறுவுவார், கணினியை அணைத்து எழுப்புவார். படம் ஓடும். பத்து வினாடி பார்ப்பார். "ஓடுது!" என்பார். மூடிவிடுவார். அவ்வளவுதான். அவரிடம் எழுநூறு படங்கள் இருக்கின்றன. ஒன்றிலாவது கதாநாயகி வரும்வரை அவர் காத்திருந்ததில்லை.

நம்மவருக்கு வரைபட அலுவலகத்தில் வேலை. மனைவி மருத்துவமனையில் நர்ஸ். அவர்களுடைய ஏழு வயது மகள் பள்ளி நாடகத்தில் மரமாக நடித்தாள். மரத்துக்கு ஒரே ஒரு வசனம். அன்றைக்குப் பார்த்து அம்மாவுக்கு டியூட்டி. பள்ளி அனுப்பிய வீடியோவையாவது பார்த்துவிட வேண்டும் என்று, ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மா நர்ஸ் சீருடையோடு, பஸ்ஸுக்கு இருபத்தைந்து நிமிடம் இருக்கையில் கணினி முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

சத்தம் வந்தது, படம் வரவில்லை. கறுப்புத் திரைக்குள் யாரோ இருமினார்கள்.

"போன்லயும் ஓடலைங்க. பள்ளிக்கூடத்துலயே வேற மாதிரி அனுப்பச் சொல்லிடலாமா?"

"அவங்களை எதுக்குக் கேக்கணும்? நான் எதுக்கு இருக்கேன்?"

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! முதலில் கோப்பின் பெயருக்குப் பின்னால் இருந்த மூன்றெழுத்தை அழித்து வேறு மூன்றெழுத்து எழுதினார், வாசலில் பெயர்ப் பலகையை மாற்றினால் உள்ளே குடியிருப்பவரும் மாறிவிடுவார் என்பதுபோல. மாறவில்லை. ஒரு கோடெக் போட்டார்; இருமலும் போயிற்று. இன்னொன்று போட்டார், படம் தலைகீழாக வந்தது. மூன்றாவதில் படம் நிமிர்ந்தது, சத்தம்தான் இல்லை.

"ஓடுது!" என்றார். பத்தாவது வினாடியில் கை தானாக மூடப் போயிற்று. மனைவி மணிக்கட்டைப் பிடித்தாள், நாடி பார்க்கிற பிடி.

"அப்பா, நான் இன்னும் வரவே இல்ல!" என்றாள் மகள்.

"சத்தத்துக்குத் தனி கோடெக் இருக்கும்மா. அஞ்சே நிமிஷம்."

"உங்க அஞ்சு நிமிஷத்துல நான் ரிடையரே ஆயிடுவேன். பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கு. கையை எடுங்க."

கையை எடுத்தார். திரையில் ராஜா வாயை வாயைத் திறந்தார். மகள் ஒரு ஸ்டூலை இழுத்து, திரைக்குப் பக்கத்தில் ஏறி நின்றாள். ராஜாவின் கர்ஜனை, ராணியின் அழுகை, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு "சொல்லுடா, சொல்லித் தொலைடா" என்றது, எல்லாவற்றையும் அவளே பேசினாள். பச்சைக் காகிதம் சுற்றிய மரம் மேடைக்கு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருக்கோடிவரை கேட்கும்படி முழங்கினாள்: "வழிப்போக்கரே, வெயில் தணியும்வரை என் நிழலில் இருங்கள்!"

அம்மா சிரித்தாள், சீருடைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மரத்தை இறுக்கி அணைத்து ஒரு முத்தம் கொடுத்தாள், ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடித்தாள்.

நம்மவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். "எல்லாம் சரிதான். சத்தம் மட்டும் அரை வினாடி பிந்துது" என்றார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அப்படியே உங்கள் கணினியில் 'பிறகு பார்க்க' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதில் எதையாவது முடிவுவரை பார்த்தது எப்போது? வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். வீட்டில் யாராவது கேட்டுவிடப் போகிறார்கள்.

இதுவரை எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரம் குறுக்கிட்டது.

"நான் ஒண்ணும் பிந்தல. படம்தான் முந்திக்கிச்சு. அதைத் திருத்தி எழுதுங்கப்பா."