இராஜாங்கத்தின் கட்டைவிரல்

மனைவியை ஒரு தடவையாவது ஏமாற்றிவிடுவது என்று போன ஐப்பசியில் முடிவெடுத்தேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நானாக எடுத்த ஒரே முடிவு.

காரணம் ஆட்டக்காரர் படம் போட்ட ஒரு பழைய கிரிக்கெட் கார்டு. திருவாரூரில் பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. இராஜாங்கம் என்று யாரோ செத்துப்போய், அவர் பெட்டியோடு வந்த சரக்கு. சுற்றிலும் கறுப்பு ஓரம். வலதுகை ஆட்டக்காரரை அச்சகத்தில் தவறுதலாக இடதுகைக்காரர் ஆக்கிவிட்டார்கள். அதனால் அபூர்வம். கும்பகோணத்தில் கார்டு வியாபாரம் செய்யும் ஜாஃபர் சாதிக், லென்ஸ் வைத்து நாலு ஓரத்தையும் பார்த்தார்.

“பரணி சார், நாப்பதாயிரம் போகும். ஆனா ஓரம்தான் இதுக்கு உயிர். கறுப்பு உரிஞ்சு வெள்ளை தெரிஞ்சுதுன்னா நாலாயிரம்கூடத் தேறாது.”

பக்கத்திலேயே என் மனைவி வானதி. கணக்கு டீச்சர்.

“இப்பவே குடுத்துடலாங்க.”

“வெச்சிருந்தா லட்சம் போகும்டி.”

“ஓரம் போயிட்டா?”

விட்டால் வித்துவிடுவாள். அதனால் குடவாசல் வீட்டுக்கு வந்ததும் ஒரு கதை கட்டினேன்.

“வானதி, அந்த இராஜாங்கம் இந்தக் கார்டைப் பிடிச்சபடியே செத்தாராம். வேற யார் தொட்டாலும் பின்னால வந்து நிப்பாராம்.”

அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ! நான் அந்த பீரோ பக்கமே வரமாட்டேங்க.”

ஜெயித்துவிட்டேன். டப்பாவில் போட்டு, பீரோவில் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தினமும் மத்தியானம் உரக்கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வருவேன். வானதி பள்ளிக்கூடத்தில் இருப்பாள். தனியாக உட்கார்ந்து, கார்டை எடுத்து, ஓரங்களைத் தடவிப் பார்த்து மகிழ்ந்து, திரும்பப் பூட்டுவேன்.

பத்தாம் நாள் அடைமழை. மத்தியானமே இருட்டிக் கிடந்தது. கார்டை எடுத்தேன். வலது ஓரத்தில் முடி கனத்துக்கு வெள்ளை. டப்பாவின் அடியில் கண்மை போலக் கறுப்புத் தூள்.

மறுநாள் அந்த வெள்ளை அகலமாகியிருந்தது. அதற்கு மறுநாள் ஒரு வடிவம் வந்துவிட்டது. நீள்வட்டம். யாரோ கட்டைவிரல் வைத்துப் பிடித்த இடம்.

என் விரலை அதன் மேல் வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. யாரோ அப்போதுதான் விரலை எடுத்த இடத்தில் நான் வைத்த மாதிரி இருந்தது.

கரண்ட் போனது. ஃபேன் நின்றது. வாய்க்காலில் தவளைகள்கூட வாயை மூடிக்கொண்டன. பிடரியில் ஈரமாக ஒரு காற்று. திரும்பினேன். கொடியில் என் வேட்டி மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது.

அன்று சோறு இறங்கவில்லை. வானதி வந்ததும் காலில் விழாத குறை.

“நான் கட்டின கதைதான் வானதி. ஆனா அந்த ஆளு நிஜமாவே வந்துட்டாரு!”

“குடுங்க, வாய்க்கால்ல விட்டுட்டு வரேன்.”

விட்டுவிட்டு வந்தாள். தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே வந்தாள்.

மறுநாள் காலையில் ஜாஃபர் சாதிக் போன்.

“சார், உங்க கார்டு சென்னைக்குப் போயிடுச்சு. ஓரம் கத்தி மாதிரி இருக்குன்னு பார்ட்டிக்கு ஒரே சந்தோஷம்.”

“எந்தக் கார்டு?”

“உங்க வீட்டம்மா பத்து நாளைக்கு முன்னாடியே கொண்டாந்து குடுத்தாங்களே!”

வானதி முன்னால் போய் நின்றேன்.

“அப்ப பீரோவுல இருந்தது?”

“கலர் ஜெராக்ஸுங்க. கும்பகோணத்துல போன்ல எடுத்த படத்தைக் கடையில போட்டு அட்டையில ஒட்டினேன். நீங்க கதை சொன்ன மறுநாள், குளிக்கப் போனப்ப சட்டைப் பையிலேர்ந்து சாவியை எடுத்து மாத்தி வெச்சேன்.”

“என்னைப் பயமுறுத்த தினமும் ஓரத்தைத் தேய்ச்சதும் நீதானா?”

“நான் ஏன் தேய்க்கிறேன்? அதுக்கப்புறம் நான் பீரோவைத் தொடவே இல்ல.”

பீரோவைத் திரும்பிப் பார்த்தேன். “அப்ப... யாரு?”

அவள் என் வலது கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். கட்டைவிரல் ரேகை முழுக்கக் கறுப்பு மை.

“உர மூட்டை புரட்டின கையால தினமும் தடவினா ஜெராக்ஸ் எத்தனை நாள் தாங்கும்? செத்த மனுசன் மேல பழி போடாம, சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க.”