பாராசூட்: மூன்றாம் பொருள்

அகராதி நிலையத்தைவிட நேர்மையான அலுவலகம் இந்தப் பூமியில் இருந்ததில்லை. இனி இருக்கப்போவதும் இல்லை. அங்கே ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதினால் மட்டும் போதாது. அந்தப் பொருளில் அதைத் தன் வாயால் சொன்ன ஒருவர், அட்டையின் பின்பக்கம் கையெழுத்திட வேண்டும். அவருக்குப் பெயர் 'சாட்சி'. சாட்சி இல்லாத பொருள், ஊரே சொன்னாலும், உலகில் இல்லை. இந்தக் கண்டிப்பால்தான் நிலையம் பத்தொன்பதே ஆண்டுகளில் 'ப' வரை வந்து சேர்ந்திருந்தது.

ப வரிசையின் தொகுப்பாளர் அவள். அதனால் எல்லோருக்கும் அவள் 'பகரக்கா'.

அன்று மேசையில் இருந்த சொல் பாராசூட். பிறப்பு எளிது: ஓர் அந்நிய மொழியிலிருந்து 'தடு', இன்னொன்றிலிருந்து 'விழுதல்'; ஆக, விழுபவரைக் காப்பது. முதல் பொருள், வானிலிருந்து குதிப்பவருக்கு விரியும் துணிக்குடை. ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர், குதித்து உடைந்த காலை நீட்டியபடியே கையெழுத்திட்டார். இரண்டாவது, விதையைக் காற்றில் சுமக்கும் பஞ்சிழை. தோட்டக்காரர் சாட்சி.

மூன்றாவதில்தான் வண்டி நின்றது. 'வரிசையில் காத்திருப்போரின் தலைக்கு மேலாக, மேலிடம் ஒரு பதவியில் இறக்கிவிட்ட ஆள்.' குழாய்த் துறையில் மூன்று பெருங்குழாய்களை வெடிக்கவிட்ட புண்ணியவான் இங்கே இயக்குநராக வந்ததிலிருந்து, உணவறையில் தினமும் புழங்கும் பொருள் அது. நான்கு மணிக்குள் சாட்சி வேண்டும். இல்லையென்றால் இந்த வார அச்சுக்குப் போகாது.

"நேத்து நீங்கதானே சொன்னீங்க, 'பாராசூட்டு வர்றதுக்குள்ள சாப்பிட்டு முடிங்க'ன்னு? இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"நானா?" என்றார் பிழைதிருத்துநர். "நான் குடையைச் சொன்னேன்க்கா."

"எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குக்கா," என்றார் தட்டச்சர்.

பணியில் எல்லோருக்கும் மூத்தவரான நூலகர் ஆறுதல் சொன்னார். "எழுதாம விட்டா சொல்லு செத்தா போயிடும்? அதான் தினம் சொல்றோமேம்மா."

தொகுப்பாளரே சாட்சியாகலாம் என்று விதி உண்டு. அவளும் அதைச் சொன்னவள்தான். மற்றவர்களைவிட ஒரு முறை கூடவே. பேனாவைத் திறந்தாள். எழுதவில்லை. மை தீர்ந்திருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். மறுபடி திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளும் துணிச்சல் வரவில்லை.

மூன்றரைக்கு இயக்குநர் அழைத்தார். அட்டையை வெகுநேரம் படித்தார்.

"விழுறவங்களைக் காப்பாத்துறதா! எவ்வளவு நல்ல சொல்லும்மா. இதுக்கு ரெண்டு பொருள் போதாதா?"

"மூணாவதும் வழக்குல இருக்குங்க, சார்."

"யார் சொல்றாங்க?"

அவள் அட்டையைத் திருப்பி, மூன்றாம் பொருளுக்கு நேரே காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா, யாரும் சொல்லலை." அவர் ஜன்னலைப் பார்த்தார். "துணை இயக்குநர் நாற்காலி ரொம்ப நாளா காலியா கிடக்கு. உங்களுக்கு முன்னால நூலகரும் பிழைதிருத்துநரும் இருக்காங்களாமே? அது ஒண்ணும் பெரிய விஷயமில்லை. நான் பாத்துக்கறேன்."

பத்தொன்பது ஆண்டுகளாக அவள் மனத்தில் உட்கார்ந்து பழகிய நாற்காலி அது. அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகிற வழியில் அது தானாகவே குப்பைக்கூடைக்குள் விழுந்தது என்றுதான் அவள் இன்றுவரை நம்புகிறாள்.

திங்கட்கிழமை துணை இயக்குநராக உணவறைக்குள் நுழைந்தாள். பேச்சு சட்டென்று நின்றது. பிழைதிருத்துநர் அவசரமாகச் சாப்பிட்டு முடித்தார்.

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"ஒண்ணுமில்லைங்க, மேடம்."

'அக்கா' போயிருந்தது.

அறைக்குத் திரும்பினால் மேசை நடுவே அந்த அட்டை. கசங்கலை யாரோ நீவி எடுத்திருந்தார்கள். திருப்பினாள். எந்தச் சாட்சியும் சிக்காத மூன்றாம் பொருளுக்கு இப்போது மூன்று சாட்சிகள்: நூலகர், பிழைதிருத்துநர், தட்டச்சர். மூன்றும் முழுக் கையெழுத்து. மூன்றிலும் தேதி, அவள் பதவியேற்ற நாள்.

குழாய்களை வெடிக்கவிட்டவருக்கு எதிராக நீளாத கைகள் இவை. பயம் தெளிந்துவிட்டது அவர்களுக்கு. அவளைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

அகராதி நேர்மையானது. துணை இயக்குநர் என்று ஒருவர் இருந்தால், அவர் ஒப்பமில்லாமல் எந்தப் பொருளும் அச்சேறாது. அவள் அதே பேனாவைத் திறந்து, 'சாட்சி போதாது' என்று எழுதி, கீழே கையெழுத்திட்டாள்.

மை தாராளமாக இருந்தது.